ஹார்னருக்கு யார் ஜாமீன் எடுப்பது?

"நல்ல நாளும் அதுவுமா திருட்டு, போலீஸ் ஸ்டேஷன்னு எதுக்கு சார்? குடும்பத்தோட உக்காந்து படிக்கிற மலர்." சென்னையிலிருந்து பேசிய உதவி ஆசிரியர் மரியாதையாகத்தான் சொன்னார். தீபாவளி மலருக்குக் கதை வேண்டும் என்று கேட்டதே அவர்கள்தான். நான் அனுப்பியது ஒரு துப்பறியும் கதை. எழுத்தில் குறை என்றால் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டிருப்பேன். பண்டிகைக்கு ஆகாது என்றார்கள். அந்தக் காரணத்தை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

தீபாவளி எதற்காக? நரகாசுரனை வதம் செய்ததைத்தான் விடிவதற்கு முன் எழுந்து, எண்ணெய் தேய்த்துக் குளித்துக் கொண்டாடுகிறோம். சாகும் தருவாயில் அவனோ அவனைப் பெற்றவளோ கேட்டுக்கொண்ட வரம்தான் இந்த விளக்கும் வெடியும் என்று வீட்டுக்கு வீடு பாட்டிகள் சொல்லியிருக்கிறார்கள். குற்றம் இருக்கிறது, தண்டனை இருக்கிறது, கடைசி மூச்சில் ஒரு மன்னிப்பும் இருக்கிறது. இத்தனையையும் மடியில் வைத்திருக்கும் பண்டிகைக்கு ஒரு திருட்டுக் கதை ஆகாது என்று சொல்ல யாருக்கு மனம் வருகிறது?

நான் இருக்கும் லண்டனில் இந்தக் கேள்வியே எழாது. டிசம்பர் பிறந்தால் புத்தகக் கடைகளின் முன்மேசையில் பனி மூடிய வீடும் சன்னல் வெளிச்சமும் போட்ட அட்டைகள் அடுக்கப்பட்டிருக்கும். உள்ளே பார்த்தால் கொலை, களவு, விஷம். அகதா கிறிஸ்டியின் பதிப்பாளர்கள் ஆண்டு தவறாமல் 'கிறிஸ்துமசுக்கு ஒரு கிறிஸ்டி' என்றே விற்றார்கள். 1938இல் அவர் எழுதிய, துப்பறிவாளர் பொய்ரோ வரும் நாவல் கிறிஸ்துமசைத் தலைப்பிலேயே வைத்திருக்கிறது. கிறிஸ்துமஸ் புட்டிங்கை வைத்து எழுதிய நெடுங்கதையை 1960இல் நூலாக்கியபோது, சிறுவயதில் வட இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் கழித்த கிறிஸ்துமஸ்களை ஆசையோடு நினைத்து முன்னுரை எழுதினார். ஜெஃபர்சன் ஃபார்ஜன் என்பவர் 1937இல் எழுதி எல்லோரும் மறந்துபோயிருந்த 'மிஸ்டரி இன் வைட்' என்ற நாவலை பிரிட்டிஷ் நூலகம் 2014இல் மறுபதிப்புச் செய்தது. அந்தக் கிறிஸ்துமசுக்கு அது விற்ற விற்பனையில் பதிப்புலகமே திகைத்தது. டிசம்பர் 25 அன்று இந்த நகரத்தில் ரயில் ஓடாது, பாதாள ரயிலும் ஓடாது, பேருந்தும் கிடையாது. பாட்டி முதல் பேரன் வரை ஒரே வீட்டுக்குள் அடைபட்டிருக்கும் அந்த நாளில் இவர்கள் கையிலெடுப்பது குற்றக் கதையை. குடும்பம் கெட்டுப்போய்விடும் என்று யாரும் பயந்ததாகத் தெரியவில்லை.

இவற்றில் எனக்கு மிகப் பிடித்தது கானன் டாயில் எழுதிய 'தி ப்ளூ கார்பன்கிள்'. ஸ்ட்ராண்ட் மாத இதழில் 1892 ஜனவரியில் வந்த ஷெர்லக் ஹோம்ஸ் சிறுகதை. அந்தத் தொடரில் ஏழாவது. ஒவ்வொரு டிசம்பரிலும் படிக்கிறேன். கொலை கிடையாது. துப்பாக்கி வெடிக்காது. கிறிஸ்துமசுக்கு மறுநாள் கழித்துக் காலையில் வாழ்த்துச் சொல்ல வாட்சன் வருகிறார். ஹோம்ஸ் ஊதா நிற அங்கியோடு சோபாவில் சாய்ந்திருக்கிறார். எதிரே நாற்காலி முதுகில் ஒரு பழைய தொப்பி தொங்குகிறது. கிறிஸ்துமஸ் விடியற்காலையில் டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் போக்கிரிகளிடம் மாட்டிக்கொண்ட ஒருவர் தொப்பியையும் தோளில் கிடந்த கொழுத்த வாத்தையும் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். பறவையின் காலில் 'திருமதி ஹென்றி பேக்கருக்கு' என்று ஒரு சீட்டு. தொப்பி ஹோம்சிடம் வந்தது. கெட்டுப்போகுமே என்று வாத்து அதை எடுத்து வந்தவரின் வீட்டு அடுப்புக்குப் போயிற்று. அதன் தொண்டைப் பையிலிருந்து ஒரு நீலக் கல் விழுகிறது. நட்சத்திர விடுதியில் தங்கியிருந்த ஒரு சீமாட்டியின் நகைப்பெட்டியிலிருந்து டிசம்பர் 22 அன்று காணாமல் போனது அது. ஆயிரம் பவுண்டு வெகுமதி அறிவித்திருக்கிறார்கள்.

தொப்பியைப் பார்த்து ஹோம்ஸ் ஊகிப்பதில் ஒன்று என் நெஞ்சைத் தைத்தது. வாரக்கணக்காகத் தூசு தட்டப்படாத தொப்பியை மனைவி தலையில் வைத்து அனுப்புகிறாள் என்றால், அவளுக்கு இவன்மேல் இருந்த அன்பு போய்விட்டது என்கிறார். நொடித்துப்போய்க் குடியில் இறங்கிவிட்ட அந்த மனிதர், மனைவியோடு சமாதானமாக ஒரு வாத்தைத்தான் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். பண்டிகைக்கு வெறுங்கையோடு வீட்டு வாசல் ஏறக் கூசுகிற எந்தத் தமிழ் அப்பாவுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த வாத்து அவருக்குக் கிடைத்த வழிதான் என்னை நாற்காலி நுனிக்கு இழுத்தது. பிரிட்டிஷ் மியூசியம் அருகே ஆல்ஃபா என்ற மதுக்கடை. அதன் முதலாளி வாடிக்கையாளர்களிடம் வாராவாரம் சில பென்னி வாங்கிச் சேர்த்து, கிறிஸ்துமஸ் வந்ததும் ஆளுக்கு ஒரு வாத்து கொடுக்கிறார். நம் ஊர் தீபாவளிச் சீட்டு! பலகாரச் சீட்டு! மாசாமாசம் பணம் கட்டினால் பண்டிகைக்கு முந்தின வாரம் ஸ்வீட் பாக்ஸ், பட்டாசு, துணி, வெள்ளிக்காசு என்று தெருத் தெருவாக நடக்கிறதே, அதேதான். கணக்கைக்கூட டாயில் விடவில்லை. பிரிக்ஸ்டன் சாலையில் ஒரு பெண்மணி கொல்லையில் வாத்து வளர்க்கிறாள். 24 பறவைகளை உருப்படி ஏழரை ஷில்லிங்குக்கு கோவென்ட் கார்டன் வியாபாரி வாங்குகிறான். மதுக்கடைக்கு 12 ஷில்லிங்குக்கு விற்கிறான். தீவனம் போட்டு வளர்த்தவளுக்குக் கிடைத்தது ஒன்றுக்கு ஏழரை. கைமாற்றிவிட்டவன் ஒரே நாளில் ஐந்து பவுண்டு எட்டு ஷில்லிங் பார்த்துவிட்டான். இந்தக் கணக்கைப் பேரேட்டிலிருந்து படிக்கவைத்து, அதையே துப்பாக வைத்து நகர்கிறது கதை. கோயம்பேட்டிலும் ஒட்டன்சத்திரத்திலும் இந்த விலை வித்தியாசத்தை நான் பார்த்திருக்கிறேன். நம் பண்டிகைக் கதை எதிலாவது பார்த்திருக்கிறேனா என்றால் இல்லை.

இவ்வளவு ரசித்த பிறகும் இந்தக் கதைமேல் எனக்கு ஒரு தீராத வருத்தம் உண்டு. அதன் பெயர் ஜான் ஹார்னர்.

ஹார்னர் குழாய் வேலைக்காரன். வயது 26. சீமாட்டியின் அறையில் கணப்பு அடுப்பின் கம்பி ஒன்றைப் பற்றவைக்க அவனைக் கூப்பிடுகிறார்கள். வேலை முடிந்து அவன் போனதும் கல் இல்லை. அன்று மாலையே கைது. முன்பு ஒரு திருட்டு வழக்கில் தண்டனை பெற்றவன் என்பதால் மாஜிஸ்திரேட் மேலே விசாரிக்கக்கூட இல்லை, பெரிய கோர்ட்டுக்கு அனுப்பிவிடுகிறார். ஹார்னர் கோர்ட்டிலேயே மயங்கி விழுகிறான், தூக்கிக்கொண்டு போகிறார்கள். உண்மையில் எடுத்தவன் விடுதியின் மேல்நிலைச் சிப்பந்தி ஜேம்ஸ் ரைடர். சீமாட்டியின் பணிப்பெண்ணும் உடந்தை. அடுப்புக் கம்பியை வேண்டுமென்றே கெடுத்துவிட்டு, வரப்போகிற ஆள் ஹார்னர்தான் என்பதையும் உறுதி செய்துகொள்கிறார்கள். ஏற்கெனவே சிறை போனவன்மேல் பழி தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும் என்று அவர்களுக்குத் தெரியும். கதையின் உண்மையான குற்றம் இதுதான். கல் போனது அதற்கு அடுத்ததுதான்.

ரைடர் அகப்பட்டதும் ஹோம்சின் காலைப் பிடித்து அழுகிறான். அப்பா அம்மாவை நினைத்துப் பாருங்கள் என்கிறான். கூண்டில் நின்ற ஹார்னரை நீ நினைத்தாயா என்று ஹோம்ஸ் ஒரு வார்த்தை கேட்கிறார். கேட்டுவிட்டுக் கதவைத் திறந்து, போ என்கிறார். இவன் சாட்சி சொல்ல வரமாட்டான், வழக்கு தானாக விழுந்துவிடும், இது மன்னிக்கும் காலம் என்று வாட்சனுக்குச் சமாதானம் சொல்கிறார். பிறகு சாப்பாட்டுக்கு மணியடிக்கச் சொல்கிறார். தொப்பிக்காரருக்கு வேறொரு நல்ல வாத்து கிடைத்தது. பந்தயத்தில் ஏமாந்ததாக நடித்த ஹோம்சிடமிருந்து வியாபாரிக்கு ஒரு பொற்காசு. சீமாட்டிக்குக் கல் திரும்பப் போகும். திருடனுக்கு வெளிநாடு. பண்டிகையைக் கம்பிக்குப் பின்னால் கழித்த ஹார்னருக்கு? கதைக்குள் அவன் ஒருமுறைகூட நேரில் வருவதில்லை.

மன்னிப்பதற்கு ஹோம்ஸ் யார்? ரைடர் தவறு செய்தது ஹார்னருக்கு. மன்னிக்கும் உரிமை அவனுடையது. அவனைக் கேட்காமல் அவன் பெயரில் வழங்கிய மன்னிப்பு இது. 1984இல் ஜெரமி பிரெட் நடித்து கிரானடா தொலைக்காட்சி எடுத்த படத்தில், ஹார்னர் வெளியே வந்து மனைவி மக்களோடு சேருவதைக் கடைசியில் காட்டினார்கள். டாயில் விட்டுப்போன கடனை அவர்கள் தீர்த்தார்கள் என்றே எடுத்துக்கொண்டேன்.

எனக்கு இது வெறும் கதைப் பிரச்சினை இல்லை. எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் பாய்லர், குழாய் பழுது பார்க்கிறவர். ஒரு கிறிஸ்துமசுக்குச் சில நாள் முன்பு ஒரு வீட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தார். சாயங்காலம் கம்பெனியிலிருந்து போன். அந்த வீட்டு அம்மாவின் மோதிரத்தைக் காணோமாம், விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம். சம்பளமும் இல்லை. வேனின் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்தவர், பிள்ளைகளுக்கு வாங்கிவைத்த பரிசுப் பொதிகளைப் பார்த்தபடி என் வீட்டுச் சமையலறையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். கருவிப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு ஸ்பேனராக எடுத்துத் துணியால் துடைத்து, நீள வரிசையில் மேசைமேல் அடுக்கினார். "இதுக்குள்ள எங்கயும் விழுந்திருக்குமோ எண்டு பாக்கிறன் அண்ணை," என்றார். தான் எடுக்கவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தவரே தன் பெட்டியைச் சந்தேகிக்கும்படி ஆகிவிட்டது. புத்தாண்டுக்குப் பிறகு அந்த மோதிரம் அந்த அம்மாவின் குளிர் கோட்டுப் பையிலேயே கிடைத்தது. கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டது. விட்டுப்போன நாட்களுக்குச் சம்பளமும் கொடுக்கவில்லை, அந்த வீட்டிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

கதையில் வரும் பிரிக்ஸ்டன் சாலையில் அடிக்கடி பேருந்தில் போகிறேன். கொல்லையில் வாத்து வளர்த்த அந்த ஊரில், 1948இல் விண்ட்ரஷ் கப்பலில் வந்திறங்கிய கரீபிய மக்கள் குடியேறினார்கள். அவர்களைத் தங்கவைத்த கிளாப்பம் சுரங்கக் காப்பிடத்துக்கு அருகிலிருந்த வேலைவாய்ப்பு அலுவலகம் பிரிக்ஸ்டனில் இருந்ததுதான் காரணம். அவர்களுடைய பிள்ளைகளைத் தெருவில் நிறுத்திப் பிடிக்கப் போலீசுக்கு 1824ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டம் போதுமாக இருந்தது. சந்தேகத்துக்கு இடமான ஆள் என்று தோன்றினால் போதும். 1981 ஏப்ரலில் சில நாட்களுக்குள் பிரிக்ஸ்டனில் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான பேரை நிறுத்திச் சோதனை போட்டார்கள். ஊர் பற்றி எரிந்தது. அந்த ஆண்டே அந்தச் சட்டப்பிரிவை நீக்கினார்கள். ஹார்னரைக் கூண்டில் ஏற்றிய அதே நியாயம், கதை வந்து 89 ஆண்டுகள் வரை இந்த ஊர்த் தெருவில் நடந்திருக்கிறது. கதையைப் படித்தவர்கள் ரைடரின் கண்ணீரை நினைவில் வைத்தார்கள். ஹார்னரையும் வைத்திருக்கலாம்.

இங்கிலாந்துக்கு நியாயம் செய்வதென்றால் செஸ்டர்டனையும் சொல்ல வேண்டும். பாதிரியார் பிரவுன் கதைகளில் 1911இல் வந்த 'தி ஃப்ளையிங் ஸ்டார்ஸ்' கிறிஸ்துமசுக்கு மறுநாள் நடப்பது. வீட்டுக்குள் நாடகம் போடுகிற சாக்கில் ஃப்ளாம்போ என்ற கைதேர்ந்த கள்வன் மூன்று வைரங்களைத் தட்டிக்கொண்டு தோட்டத்து மரத்தில் ஏறிவிடுகிறான். கீழே நின்றபடி பாதிரியார் பேசுகிறார். போலீசைக் காட்டி மிரட்டவில்லை. நீ போய்விடுவாய், பழி அந்த ஏழை இளைஞன்மேல் விழும், சோஷலிசம் பேசுகிறவன் என்று ஏற்கெனவே அவனை அந்த வீட்டில் பிடிக்காது, அவன் விரும்பும் பெண்ணிடமிருந்தும் அவனைப் பிரித்துவிடுவாய் என்கிறார். வைரங்கள் மரத்திலிருந்து கீழே வந்து விழுகின்றன. இங்கேயும் திருடன் தப்பிப் போகிறான். ஆனால் பழி சுமக்க இருந்தவன் முதலில் காப்பாற்றப்பட்டுவிட்டான். டாயிலைவிட செஸ்டர்டன் இந்த இடத்தில் பெரிய எழுத்தாளர் என்பேன்.

இன்னொன்றும் இந்தக் கதைகளில் என்னை உறுத்தும். ஹோம்சின் நீலக் கல் தென்சீனாவில் அமோய் ஆற்றங்கரையில் கிடைத்தது. பிரிட்டன் போரில் வென்று 1842 ஒப்பந்தத்தின்படி திறக்கவைத்த துறைமுகம் அமோய். கிறிஸ்டியின் புட்டிங்குக்குள் கிடக்கும் மாணிக்கம் ஒரு கீழை நாட்டு இளவரசனுடையது. செஸ்டர்டனின் வைரங்கள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. லண்டனில் பெட்டியிலிருந்து போனால் ஊரே திரண்டு துப்பறிகிறது. பெட்டிக்குள் எப்படி வந்தது என்று கேட்க ஒரு துப்பறிவாளரும் இல்லை. வில்கி காலின்ஸ் மட்டும் 1868இல் 'மூன்ஸ்டோன்' நாவலில் அந்தக் கேள்வியைக் கேட்டு, கல்லை இந்தியக் கோயிலுக்கே திருப்பி அனுப்பினார். இந்த வகை எழுத்தின் தொடக்கத்திலேயே கேட்கப்பட்ட கேள்வியைப் பின்னால் வந்தவர்கள் கைவிட்டார்கள்.

இத்தனை சொன்னபின் நம் வீட்டுக்கு வருகிறேன். துப்பறியும் கதை மட்டமான சரக்கு, பஸ் ஸ்டாண்டில் விற்பது, மலருக்கு ஏற்றதல்ல என்று ஒரு பேச்சு சென்னையில் நெடுங்காலமாக ஓடுகிறது. அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஊட்டிய வாசிப்புப் பழக்கத்தின்மேல் நின்றுதான் பின்னால் வந்தவர்கள் இலக்கியம் பேசினார்கள். தேவன் ஆனந்த விகடனில் எழுதிய துப்பறியும் சாம்பு ஒரு பேங்க் குமாஸ்தா. அசட்டுத்தனத்தோடு எதையோ செய்யப்போய்க் குற்றவாளி அகப்படுவான். அத்தனை கனிவான துப்பறிவாளரை நான் ஆங்கிலத்தில் சந்தித்ததில்லை. தமிழ்வாணனின் சங்கர்லாலும் ராஜேஷ்குமாரின் விவேக்கும் சுபாவின் நரேந்திரனும் இல்லாத ரயில் பயணம் என் தலைமுறைக்குக் கிடையாது. இந்தப் பெயர்களைக் கேட்டால் புலம்பெயர்ந்த எந்த ஊரிலும் தமிழர் முகம் மலர்கிறது. மலரின் வழவழத் தாளில் ஓவியர்கள் கோபுலுவுக்கும் சில்பிக்கும் இருந்த மரியாதை இவர்களுக்கும் உண்டு.

சரக்கும் நம்மிடம்தான் அதிகம். தீபாவளிச் சீட்டு நடத்தியவர் கடையைப் பூட்டிக்கொண்டு மறைந்தார் என்ற செய்தி ஐப்பசி தவறாமல் பத்திரிகையில் வருகிறது. பூட்டிய ஷட்டர் முன்னால் சீட்டு அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்களின் படமும் வருகிறது. தெருவில் தன்னை நம்பிப் பத்துப் பேரைச் சேர்த்துவிட்ட ஏஜென்ட் பெண் அவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். ஓடியவன் ஓடிவிட்டான், பழி அவள் தலையில். அவள்தான் நம் ஹார்னர். பண்டிகைச் சுத்தம் செய்யும்போது சங்கிலி காணோம் என்றதும் முதலில் தேடப்படும் சுருக்குப் பை வீட்டு வேலை செய்யும் அம்மாவுடையது. மறுநாள் சங்கிலி பீரோவுக்குப் பின்னால் கிடைக்கும். அந்த அம்மா அதற்குள் தெரு முழுக்கத் திருடி ஆகியிருப்பார். அவரும்தான். இந்தக் கதைகளைப் பண்டிகையன்று படிக்காமல் வேறு எந்த நாளில் படிப்பது? அன்றைக்குத்தானே அந்த வீடு நிறைந்திருக்கிறது, அந்த அம்மாவும் இனாம் வாங்க வாசலில் நிற்கிறார்?

எழுதக்கூடிய ஆளும் நம்மிடம் பிறந்துவிட்டான். 1968இல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' தொடர்கதையில் சுஜாதா கணேஷைக் கொண்டுவந்தார். பின்னால் வசந்த் சேர்ந்தான். ஹோம்சுக்கும் பொய்ரோவுக்கும் பிரவுனுக்கும் இல்லாத ஒரு தகுதி கணேஷுக்கு உண்டு: அவன் வக்கீல். கல் எங்கே என்பது அவனுக்கு இரண்டாவது கேள்வி. உள்ளே இருக்கும் ஆள் யார், எத்தனை நாளாக இருக்கிறார், எதை வைத்துப் பிடித்தார்கள் என்பது முதல் கேள்வி. நீலக் கல் வழக்கு தம்பு செட்டித் தெருவில் அவன் மேசைக்கு வந்திருந்தால், வாத்து எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரிக்க வசந்தை அனுப்பிவிட்டு, கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு ஹார்னரின் ஜாமீன் மனுவோடு கணேஷ் கோர்ட்டுக்குக் கிளம்பியிருப்பான்.